பழைய வசதிக்கு விடைகொடுக்கும் முறை

கட்டற்ற மென்பொருளில் புதிய வசதி கேட்டு வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. பழையதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு யாரும் வருவதில்லை. அதனால் எடுக்கும் வேலை பராமரிப்பாளர் தலையில் மட்டும் விழுகிறது. அவரும் ஏதோ ஒரு சனிக்கிழமை இரவில், நிரலைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில் நாற்பது வரியை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். சில மாதம் கழித்தோ சில வருடம் கழித்தோ கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் அழைப்பார்: “சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு. புதுசு போட்டதும் ஃபைல் தொறக்க மாட்டேங்குதுங்க.”

அவருக்கு நாற்பது வரிக் கதை தெரியாது. புதுப்பித்தால் கெட்டுப்போகும் என்பது மட்டும் மனதில் பதிந்துவிடும். அடுத்த முறை புதுப்பிக்க மாட்டார். பாதுகாப்பு ஓட்டைகளோடு பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு வசதி போனால் வேறொன்று செய்து கொடுத்துவிடலாம். புதுப்பிக்கவே பயப்படும் பயனரைத் திரும்ப அழைத்துவருவது ரொம்பக் கஷ்டம்.

இந்த அத்தியாயம் சிறிய மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்கானது. மதிப்பெண் பட்டியல் அச்சிடும் நிரல், எழுத்துரு மாற்றி, நூலக அட்டவணை, தட்டச்சுப் பயிற்சி போன்றவை. உங்கள் பயனர்கள் சித்தூர், வேலந்தாவளம், அட்டப்பாடி பக்கத்துப் பள்ளியிலோ, மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளி பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியிலோ இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காரணம், அங்கே இந்தச் சிக்கல் இரட்டிப்பாகத் தெரியும்: ஒரே கணினியில் தமிழ், மலையாளம் இரண்டும் ஓட வேண்டும், கோயம்புத்தூரிலும் தேனியிலும் தட்டச்சான பழைய தமிழ்க் கோப்பும் திருவனந்தபுரத்துச் சுற்றறிக்கையும் ஒரே கோப்புறையில் கிடக்கும்.

பயனர் படியேறுவதில்லை

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது காலக்கணக்கு. நீங்கள் வருடத்துக்கு இரண்டு பதிப்பு வெளியிடுகிறீர்கள். உங்கள் கண்ணில் 2.1, 2.2, 2.3 என்று வரிசையாகப் படிகள் தெரிகின்றன. பயனர் அந்தப் படிகளில் ஏறுவதில்லை. கீழே நின்றபடியே மேல்தளத்துக்குத் தாவுகிறார்.

கேரளப் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே கணினிக் கல்வியை நடத்துவது கைட் என்ற அரசு நிறுவனம், முன்பு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டமாக இருந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துத் தனக்கென ஓர் இயங்குதளத் தொகுப்பைக் கைட் வெளியிடுகிறது. உபுண்டு 18.04-ஐ ஒட்டிய தொகுப்பு 2019-இல் வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு அது போகிறது, உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அப்போது அறிவித்தார்கள். 22.04-ஐ ஒட்டிய தொகுப்பு வந்தது 2024-இல். இடையில் ஐந்து ஆண்டு.

ஒரு பள்ளி ஆய்வகத்தில் பழைய தொகுப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால், அந்த ஐந்து ஆண்டில் உலகம் முழுக்க வெளியான அத்தனை எச்சரிக்கைகளையும் அந்தக் கணினி பார்க்காமலே தாண்டிவிடுகிறது. இதைக் கைட்டின் குறை என்று நினைக்கக் கூடாது. ஆய்வகம் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இப்படித்தான் நடந்துகொள்ளும், அப்படி நடப்பதுதான் சரியும்கூட. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலில் திரைக்காட்சி அச்சாகி, தமிழ்வழிக்கும் கன்னடவழிக்கும் அது மொழிபெயர்ப்பாகி வந்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டனின் இடத்தை மாற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அச்சான பாடநூலும் உங்கள் மென்பொருளைச் சார்ந்து நிற்கும் ஒரு பயனர்தான். அதற்கு மட்டும் ‘அப்டேட்’ அனுப்ப வழியில்லை.

இந்தத் தாவல் எவ்வளவு தூரம் போய் அடிக்கும் என்பதற்குப் பைத்தான் மொழியிலிருந்து ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் இந்த அத்தியாயத்தின் மையமே இதுதான்.

பைத்தானில் ‘கலெக்‌ஷன்ஸ்’ என்றொரு தொகுதி. அதிலிருந்த ‘மேப்பிங்’ போன்ற சில அடிப்படை வகைகளை 2012-இல் வந்த 3.3 பதிப்பில் ‘கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி’ என்ற உள்தொகுதிக்கு மாற்றினார்கள். பழைய இடத்திலிருந்து எடுத்தாலும் வேலை செய்தது. 3.6 வரை அது சத்தமே போடவில்லை. 2018-இல் வந்த 3.7-இல்தான் “இது போகப்போகிறது” என்ற எச்சரிக்கை வரத் தொடங்கியது. நீக்குவதாகச் சொன்னது 3.8-இல், அது 3.9-க்குத் தள்ளிப்போய், பிறகு 3.10-க்குத் தள்ளிப்போய், 2021-இல் ஒருவழியாக நீக்கினார்கள். ஒன்பது ஆண்டு அவகாசம், இரண்டு முறை ஒத்திவைப்பு. இதைவிடப் பொறுமையாக ஒரு குழு நடந்துகொள்ள முடியாது என்றுதான் தோன்றும்.

இப்போது உபுண்டுவின் பக்கம் வந்து பாருங்கள். 18.04-இல் இருந்தது பைத்தான் 3.6. 20.04-இல் 3.8. 22.04-இல் 3.10. அதாவது 18.04-இல் எச்சரிக்கை இல்லை, 20.04-இல் எச்சரிக்கை உண்டு, 22.04-இல் வசதியே இல்லை. 18.04-ஐ அழித்துவிட்டு நேரே 22.04 போட்டவருடைய நிரல் முந்தைய நாள் வரை முணுமுணுக்காமல் ஓடி, மறுநாள் காலையில் செத்துவிழும். ஒன்பது ஆண்டு அவகாசத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை.

பைத்தானின் எழுதப்பட்ட கொள்கை, குறைந்தது இரண்டு பதிப்புகளாவது எச்சரித்துவிட்டு நீக்கலாம் என்கிறது. பைத்தான் இப்போது வருடத்துக்கு ஒரு பதிப்பு. அப்படியானால் இரண்டு வருடம். பள்ளிகளின் ஐந்து வருட இடைவெளிக்குள் அந்த இரண்டு வருடம் முழுசாக ஒளிந்துகொள்ளும். எனவே உங்கள் மென்பொருளுக்கு விதி வகுக்கும்போது “இத்தனை பதிப்பு” என்று எண்ணாதீர்கள். உங்கள் பயனர்கள் உண்மையில் குடியிருக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் எவை என்று பட்டியலிடுங்கள். அவற்றில் ஒன்றிலாவது எச்சரிக்கை முழுமையாக இடம்பெற்ற பிறகு, அதற்கடுத்த பதிப்பில் நீக்குங்கள். பெரும்பாலும் இது நான்கு முதல் ஆறு ஆண்டு ஆகும். அவ்வளவு காலம் பழைய நிரலைச் சுமக்க வேண்டுமா என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. உறைபோட்ட நாற்பது வரியைச் சுமப்பதில் அப்படியொன்றும் முதுகு ஒடிந்துவிடாது. ஒடிகிறது என்றால் அது பாதுகாப்பு ஓட்டையாக இருக்கும். அதற்கு மட்டும் வேறு விதி, உடனே மூடுங்கள், உரக்கச் சொல்லுங்கள்.

பலகையை எங்கே வைப்பது

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலை மூடியிருந்தால் அறிவிப்புப் பலகையை அடிவாரத்தில் முந்தலில் வைக்க வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறிமுடித்த பிறகு மேலே வைத்த பலகையால் யாருக்குப் பயன்? மென்பொருள் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை மேலேதான் நிற்கின்றன: புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில். அதைப் படிப்பவர் ஏற்கெனவே புதியதைப் போட்டுவிட்டவர்.

கிட் மென்பொருளில் இரண்டும் நடந்திருக்கிறது. 2008 ஆகஸ்டில் 1.6.0 வந்தபோது, இடையில் கோடு போட்டு எழுதும் பழைய கட்டளைகளை வழக்கமான இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முந்தைய பதிப்புகளின் குறிப்புகளிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். குறிப்பை யார் படிக்கிறார்கள்? ஸ்கிரிப்டுகள் உடைந்தன, கூச்சல் எழுந்தது. சில ஆண்டு கழித்து, ‘புஷ்’ கட்டளையின் இயல்பு நடத்தையை மாற்ற வேண்டிவந்தபோது வேறு மாதிரி செய்தார்கள். 2014-இல் 2.0 வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாக, அந்த அமைப்பைத் தாமே தேர்ந்தெடுக்காதவர்கள் கட்டளையை ஓட்டும்போதெல்லாம் திரையிலேயே ஒரு நீண்ட செய்தி வந்தது. என்ன மாறப்போகிறது, பழையபடியே வேண்டுமென்றால் எந்தக் கட்டளை, புதியது வேண்டுமென்றால் எந்தக் கட்டளை என்று மூன்றும் அதில் இருந்தன. பயனர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்ததும் செய்தி மறைந்துவிடும். தொந்தரவுதான். ஆனால் 2.0 வந்த அன்று பெரிய அழுகுரல் எழவில்லை.

எச்சரிக்கை யார் காதுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பைத்தானின் வழக்கமான நீக்க எச்சரிக்கை, சாதாரணமாக நிரலை ஓட்டுபவருக்குத் தெரியாதபடி அடக்கப்பட்டிருக்கும்; நேரடியாக ஓட்டும் கோப்பிலேயே அந்தப் பழைய பயன்பாடு இருந்தால்தான் காட்டும். நிரல் எழுதுபவருக்கான எச்சரிக்கை அது, அந்த அளவில் நியாயம். ஆனால் உங்கள் பயனர் ஏழாம் வகுப்பு ஆசிரியர் என்றால், டெர்மினலில் ஓடி மறையும் ஆங்கில வரி அவருக்கு எச்சரிக்கையே அல்ல. அவர் பார்க்கும் சாளரத்தில், அவர் மொழியில், அவர் செய்ய வேண்டிய வேலையோடு சொல்ல வேண்டும்.

மதிப்பெண் பட்டியல் நிரல் ஒன்று பழைய ‘டாப்’ எழுத்துருக் குறியாக்கத்தில் சேமிக்கும் வசதியை விடப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதக்கூடிய செய்தி இது:

“இந்தப் பட்டியல் பழைய டாப் முறையில் சேமிக்கப்படுகிறது. 2030 ஜூன் முதல் இந்த முறையில் சேமிக்க முடியாது. பழைய கோப்புகளைத் திறப்பதில் எந்தத் தடையும் வராது. இப்போதே மாற்ற: கோப்பு, யூனிகோடாக மாற்று.”

எது போகிறது, எப்போது, எது போகாது, என்ன செய்ய வேண்டும் என்பவை நான்கு வாக்கியத்தில் அடங்கிவிட்டன. “இந்த வசதி ஊக்குவிக்கப்படுவதில்லை” என்ற மாதிரி எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊக்கம் யாரும் கேட்கவில்லை, தேதி கேட்கிறார்கள். ஜாங்கோ குழு இதில் நல்ல வழக்கம் வைத்திருக்கிறது. எந்தப் பதிப்பில் நீக்கப்படும் என்பதை எச்சரிக்கையின் பெயரிலேயே பொதிந்துவிடுவார்கள். மறைக்கவும் மறக்கவும் முடியாது.

அந்தத் தேதியையும் பயனரின் நாட்காட்டியில் வையுங்கள். கேரளத்தில் பள்ளி ஜூனில் திறக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி. எழுத்துத் தேர்வு மார்ச்சில், ஐ.டி. செய்முறைத் தேர்வு அதற்கு முன்பு, அதுவும் அதே ஆய்வகக் கணினிகளில். ஜனவரியில் வெளியாகும் ‘சின்னத் திருத்தம்’ தேர்வு வேளையில் போய் விழும். ஏப்ரல், மே விடுமுறைதான் மாற்றத்துக்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் மலைப்பக்கம் மின்சாரமும் இணையமும் போய்வந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்: மாற்றி நிரலைத் தனியாக இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லாமல் தொகுப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பென்டிரைவில் வந்த மென்பொருளுக்குத் தேவையான எல்லாமும் அந்தப் பென்டிரைவிலேயே இருக்க வேண்டும்.

புதிய வழி முதலில், அதுவும் பழைய பதிப்பில்

மாற்று வழி இல்லாமல் எச்சரிப்பது வெறும் மிரட்டல். மாற்று வழி புதிய பதிப்பில் மட்டும் இருந்தாலும் போதாது. பழையதிலும் புதியதிலும் ஒரே மாதிரி ஓடக்கூடிய எழுத்துமுறை ஒன்று வேண்டும். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டதும் பைத்தான்தான், அதில் அடிபட்டவர்களில் தமிழ் நிரலாளர்களும் உண்டு.

பைத்தான் 2-இல் தமிழ்ச் சரத்தை ஒழுங்காகக் கையாள வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்கு முன்னால் ‘யூ’ என்ற எழுத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் ‘கொ’ என்ற எழுத்தின் நீளத்தைக் கேட்டால் பைட்டுக் கணக்கில் ஏதோ ஓர் எண் வரும். ஆகவே தமிழைத் தொட்ட நிரல்களில் வரிக்கு வரி அந்த ‘யூ’ இருந்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-இல் எல்லாச் சரமும் யூனிகோடு என்றாகிவிட்டது. முன்னெழுத்து தேவையில்லை என்று அதை நீக்கினார்கள், எழுதினால் பிழை என்றும் ஆக்கினார்கள். தர்க்கப்படி சரி. நடைமுறையில், ஒரே கோப்பு 2-லும் 3-லும் ஓட முடியாமல் போனது. ஆங்கிலம் மட்டும் கையாண்டவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். யூனிகோடை அக்கறையோடு பயன்படுத்தியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். 2012-இல் 3.3 பதிப்பில் அந்த ‘யூ’ திரும்ப வந்தது. அது எந்த வேலையும் செய்யாது, சும்மா நிற்கும், பழைய நிரல் உடையாமல் இருப்பதற்காக. இன்றும் இருக்கிறது. பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தும், அந்த வெற்று எழுத்தை எடுக்கும் அவசரம் யாருக்கும் வரவில்லை.

எனவே நீக்கப்போகும் வசதிக்கு மாற்றை இன்றே, பழைய கிளையிலும் சேர்த்து வெளியிடுங்கள். பயனர் தன் கோப்பையோ ஸ்கிரிப்டையோ ஒருமுறை திருத்தினால், அது பழைய கணினியிலும் புதியதிலும் ஓட வேண்டும். ஆய்வகத்தில் இருபது கணினியும் ஒரே நாளில் மாறாது. பத்து மாறி, பத்து மாறாமல் ஒரு வருடம் ஓடும்.

எழுதுவதை நிறுத்தலாம், படிப்பதை நிறுத்தக் கூடாது

கட்டளை, பட்டன், மெனு எல்லாம் போகலாம். கோப்பு வடிவம் வேறு சங்கதி. பயனர் தன் உழைப்பை அதற்குள் வைத்திருக்கிறார்.

தமிழுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. 1999-இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாமும் டாபும் தரமாயின. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகு டிஸ்கியில் புதிதாக எழுதுபவர்கள் அருகிப்போனார்கள். ஆனால் லினக்ஸின் அடிப்படையான ஜிலிப்சி நூலகத்தில் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. ‘ஐகான்வ்’ கட்டளையில் டிஸ்கி என்று பெயர் கொடுத்தால் போதும், பழைய கோப்பு எழுந்து உட்காரும். ஓப்பன் தமிழ் நூலகத்திலும் இத்தகைய மாற்றிகள் உண்டு. மலையாளத்துக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு ‘பய்யன்ஸ்’ என்ற மாற்றியைச் செய்து வைத்திருக்கிறது. எல்லைப்பகுதி ஆசிரியரின் கணினியில் இவை எல்லாமே வேண்டியிருக்கும்.

இதற்கு மாறாக நடந்த ஒன்று: லிப்ரெ ஆபீஸ் 2013-இல் 4.0 பதிப்பில், மிகப் பழைய ஸ்டார் ஆபீஸ் கோப்புகளைத் திறக்கும் பெரிய நிரல்பகுதியைத் தூக்கி எறிந்தது. பராமரிக்க ஆளில்லை என்பது உண்மையான காரணம்தான். ஆனால் கோப்புகள் அப்படியே இருந்தன. பின்னர் ஒரு தனி நூலகமாக, படிப்பதற்கு மட்டும், அந்த வசதி திரும்ப வந்தது. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம் என்பது என் கருத்து: எழுதும் பாதியை நீக்கு, படிக்கும் பாதியைச் சிறிதாக்கித் தனியே வை.

பழையது, புதியது இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தால் சிக்கல் இன்னும் ஆழம். யூனிகோடில் ‘ஶ’ என்ற எழுத்து 2005-இல் 4.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு ஸ்ரீ என்பதை ‘ஸ’ வைத்து அமைத்தார்கள். பிறகு ‘ஶ’ வைத்து அமைப்பதே முறை என்றானது. பல எழுத்துருக்களில் ஸ்ரீதேவி, ஶ்ரீதேவி இரண்டும் ஒரே உருவம்தான். பழைய கணினியில் சேர்க்கைப் பதிவேட்டில் தட்டச்சான பெயரைப் புதிய விசைப்பலகையில் தேடினால் “இல்லை” என்று வரும். குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் கணினியில் இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது. யூனிகோடு ஆவணமே இரண்டையும் சமமாகக் கருதும்படி பரிந்துரைக்கிறது. ஆனால் வழக்கமான யூனிகோடு சீராக்கம் இதைத் தானாகச் செய்யாது. தேடும் நிரல் எழுதுபவர்தான் செய்ய வேண்டும்.

மலையாளத்தில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. ‘அவன்’ என்பதன் இறுதியில் வரும் சில்லெழுத்துகளை 2008 வரை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்று மூன்று குறிகளால் எழுதினார்கள். யூனிகோடு 5.1-இல் அவற்றுக்குத் தனித்தனி இடம் கிடைத்தது. வேண்டுமா, வேண்டாமா என்று கேரளத்துக் கட்டற்ற மென்பொருள்காரர்களிடையே கடும் வாக்குவாதம். முடிவு எப்படியிருந்தாலும் எழுத்துருக்கள் இரண்டையும் காட்டுகின்றன. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் மலையாளத்துக்கென ஓர் அமைப்பு வைத்து, உள்ளே வரும் பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றிச் சேமிக்கிறார்கள். வாசலில் எதையும் வாங்கிக்கொள், உள்ளே ஒரே வடிவில் வை. நான் பார்த்தவரை இதைவிட நல்ல வழி இல்லை.

யூனிகோடின் விதியும் இதுதான்: ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்தவோ நீக்கவோ மாட்டார்கள்; பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் குறிப்பார்கள். 1996-இல் 2.0 பதிப்பில் கொரிய எழுத்துகளை இடம் மாற்றிப் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த ஞானம் அது.

பெயர்களும் கடைசி வார்த்தையும்

பெயர் மாற்றம் எளிது, அதனால் விரைந்து சொல்லிவிடலாம். டெபியனில் ஒரு தொகுப்பின் பெயர் மாறினால், பழைய பெயரில் வெறும் கூடு ஒன்றை விட்டுவைப்பார்கள். அதை நிறுவினால் புதியது வந்துசேரும். இன்று ‘கிட்’ என்றிருக்கும் தொகுப்பு முன்பு ‘கிட்-கோர்’. ‘கிட்’ என்ற பெயரை அப்போது வேறொரு மென்பொருள் வைத்திருந்தது. பெயர் கைமாறியபோது பழைய பெயரும் சில காலம் கூடாக வேலை செய்தது. உபுண்டு 20.04-இல் ‘பைத்தான்’ என்ற வெறும் கட்டளை இல்லாமல் போனபோது, ‘பைத்தான்-இஸ்-பைத்தான்3’ என்றொரு குட்டித் தொகுப்பை வைத்தார்கள். பெயரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அது என்ன செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நீக்கிய பிறகும் ஒரு வரி மிச்சம் வையுங்கள். நீக்கிய விருப்பத்தை யாராவது கொடுத்தால் “அறியாத விருப்பம்” என்று முறைக்காமல், “இது 3.0-இல் நீக்கப்பட்டது, இதற்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள்” என்று சொல்லட்டும். தாவி வந்தவருக்கு எட்டும் ஒரே எச்சரிக்கை பெரும்பாலும் இதுதான். பழைய அமைப்புக் கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றும் படிகளையும் நீக்காதீர்கள். 1.4-இலிருந்து 1.5, 1.5-இலிருந்து 2.0 என்று சங்கிலியாக வைத்திருந்தால், எந்தப் பதிப்பிலிருந்து வந்தாலும் ஏறிவிடலாம். மாற்றும் முன் மூலக் கோப்பின் நகலை அதே கோப்புறையில் தேதியோடு வைப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

யாரும் பயன்படுத்துவதில்லை என்று எப்படித் தெரியும்?

தெரியாது. ஆய்வகக் கணினிகள் புள்ளிவிவரம் அனுப்புவதில்லை. டெபியனின் ‘பாப்கான்’ கணக்கு, சம்மதித்தவர்களை மட்டுமே எண்ணும். டெபியன் மூலநிரல் தேடலில் உங்கள் வசதியை யார் அழைக்கிறார்கள் என்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் வட்டவடையில் ஓர் ஆசிரியர் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் அதில் வராது. ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். முடிவெடுத்துவிட்டு அறிவிப்பது வேறு, எடுக்கும் முன் கேட்பது வேறு.

உபுண்டுவே இதில் தடுமாறியது. 2019 ஜூனில், அடுத்து வரும் 19.10 முதல் 32-பிட் தொகுப்புகள் முற்றாக நிறுத்தம் என்று அறிவித்தார்கள். ஸ்டீம் விளையாட்டுத் தளமும் வைன் மென்பொருளும் அவற்றை நம்பியிருந்தன. எதிர்ப்பு வெடித்தது. ஒரு வாரத்துக்குள், தேவையான 32-பிட் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து 19.10-இலும் 20.04-இலும் தருவோம் என்று பின்வாங்கினார்கள். பின்வாங்கியது கௌரவக் குறைவு அல்ல. முழுப் பழைய கணினிக்கான ஆதரவு போனது, புதிய கணினியில் பழைய மென்பொருளை ஓட்டும் வழி மிஞ்சியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் ஏறக்குறைய அதே எல்லைக்கோட்டில்தான் நின்றது: 32-பிட் கணினியில் நிறுவ வழியில்லை, 64-பிட்டில் பழைய நிரலை ஓட்ட வழி உண்டு. உங்கள் திட்டத்திலும் “முழுவதும் எடு, முழுவதும் வை” என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். தேடினால் கிடைக்கும்.

கேட்பதற்கு எளிய வழி: நீக்காமல், இயல்பு நிலையில் அணைத்து ஒரு பதிப்பு வெளியிடுங்கள். திரும்ப இயக்க ஓர் அமைப்பு இருக்கட்டும். யார் அதைத் தேடி அழைக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் பயனர்கள். அழைப்பை எடுத்துப் பேசுங்கள், என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பல நேரம் அவர்களுக்கு வேண்டியது நீங்கள் நினைத்ததாக இருக்காது.

கடைசியாகச் சோதனை. உங்கள் மென்பொருளின் ஒவ்வொரு பழைய பதிப்பும் உருவாக்கிய மாதிரிக் கோப்புகளை ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள்: டாபில் ஒன்று, டிஸ்கியில் ஒன்று, பழைய ஸ்ரீ உள்ள பட்டியல் ஒன்று, பழைய சில்லெழுத்து உள்ள மலையாளப் பட்டியல் ஒன்று. புதிய பதிப்பு அவை அனைத்தையும் திறக்கிறதா என்று வெளியிடும் முன் ஒவ்வொரு முறையும் தானாகச் சோதிக்கட்டும். நிஜ மாணவர் பெயர்களை அதில் போட வேண்டாம்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். மெய்நிகர் கணினி ஒன்றில் உபுண்டு 18.04 நிறுவி, அதில் உங்கள் மென்பொருளின் அன்றைய பதிப்பைப் போட்டு ஒரு கோப்பு உருவாக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்றைய பதிப்பைப் போட்டு அந்தக் கோப்பைத் திறங்கள். திறக்காவிட்டால், எதையும் நீக்குவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.